768 உயரத் திரையில் மெய்ப்புப் பணி: பிரவுசர் டூல்பார்களை எதுவரை மறைக்கலாம்?

மெய்ப்புமேசை எழுதியது:

வணக்கம். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கு மெய்ப்பு பார்த்து வருகிறேன். இந்த வேலை பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு பக்கத்தைத் தொகுக்கத் திறந்தால், ஒரு பாதியில் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) தந்த உரையும் மறு பாதியில் ஸ்கேன் செய்த புத்தகப் பக்கமும் வரும். இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தால் அந்தப் பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும்.

என் மடிக்கணினி 14 அங்குலம், திரை 1366×768. அகலம் தாராளமாக இருக்கிறது. உயரம்தான் போதவில்லை. மேலே டேப் வரிசை, அதற்குக் கீழே அட்ரஸ் பார், அதற்கும் கீழே புக்மார்க் வரிசை. அப்புறம் விக்கியின் தலைப்பும் தொகுப்புக் கருவிகளும். அடியில் விண்டோஸ் டாஸ்க்பார். இத்தனையும் போக உரைக்குக் கிடைப்பது நடுவில் ஒரு பட்டை மட்டுமே. நிமிடத்துக்கு நிமிடம் படத்தையும் நகர்த்தி, உரையையும் நகர்த்தி, எந்த வரியில் இருந்தேன் என்று தேடுவதிலேயே நேரம் போகிறது.

எஃப்11 போட்டு முழுத்திரைக்குப் போனால் இடம் கிடைக்கிறது. ஆனால் டாஸ்க்பாரும் மறைந்துவிடுவதால், எந்தக் கீபோர்டு ஓடுகிறது, தமிழ்99 ஆ ஆங்கிலமா என்று காட்டும் குறி தெரிவதில்லை. தட்டிய பிறகுதான் தெரிகிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் வைத்திருக்கிறேன். எதில் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கீற்றுநிழல் எழுதியது:

முதலில் ஒரு நொடியில் முடிகிற வேலை: கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி. புக்மார்க் வரிசை மறையும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதே விசைதான், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். ஏறக்குறைய 30 பிக்சல் மிச்சம்.

ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு நடுவழி ஒன்றும் உண்டு. 2021 ஜனவரியில் வந்த 85-ஆம் பதிப்பிலிருந்து, புதிய டேப் திறக்கும்போது மட்டும் புக்மார்க் வரிசை தெரியும்படி வைக்கலாம். டூல்பாரில் ரைட் கிளிக் செய்தால் அந்தத் தேர்வு இருக்கும். ஒரு பக்கத்துக்குள் போனதும் அதுவாகவே விலகிக்கொள்ளும். புக்மார்க்கைத் தேடுகிற நேரமும் அதுதானே, அப்போது தெரிந்தால் போதும்.

---

பழையமடிக்கணினி எழுதியது:

சகோ, உங்கள் திரையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். மொத்த உயரம் 768. விண்டோஸ் 10 டாஸ்க்பார் 40 எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் 11 என்றால் 48. டேப் வரிசையும் அட்ரஸ் பாரும் சேர்ந்து சுமார் 85. புக்மார்க் வரிசை இருந்தால் இன்னொரு 30. ஆக, விக்கிப் பக்கம் தொடங்குவதற்கு முன்பே 150-க்கு மேல் போய்விடுகிறது. திரையில் ஐந்தில் ஒரு பங்கு.

இந்தச் சிக்கல் திரையின் வடிவத்திலிருந்தே வருகிறது. பழைய டப்பா மானிட்டர் காலத்தில் 1024×768 தான் பரவலான அளவு. அகலத்திரை வந்தபோது மலிவு மடிக்கணினிகள் 1366×768-க்குப் போயின. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடியது, உயரம் ஒரு பிக்சல்கூடக் கூடவில்லை. சினிமா பார்க்க அது போதும். மேலிருந்து கீழாக வாசிக்கிறவர்களுக்குப் பலன் குறைவு. 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில் கடைகளில் கிடைத்த மடிக்கணினிகளிலும் இந்த அளவுத் திரைதான் அதிகம். இன்றும் நிறைய வீடுகளில் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதைவிடக் குறுகலான திரையும் இருந்தது. 2007-இல் வந்த ஆசுஸ் ஈ பிசி 701 மாடலின் 7 அங்குலத் திரை 800×480 தான். அதில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 மாதிரியான பிரவுசரைத் திறந்தால் தலைப்பு வரிசை, மெனு வரிசை, பொத்தான் வரிசை, முகவரி வரிசை, அதன் மேல் ஏதோ ஒரு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த தேடல் டூல்பார் ஒன்று. ஜாவாவை நிறுவும்போது டிக் குறியை எடுக்க மறந்தால் ஆஸ்க் டூல்பார் வந்து உட்கார்ந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். அன்று டூல்பாரை மறைப்பது என்பது ரசனைக்காகச் செய்தது இல்லை, பக்கத்தைப் பார்க்க வேறு வழியே இருக்கவில்லை.

பிறகு பிரவுசர் செய்கிறவர்களே இறங்கி வந்தார்கள். 2006-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 மெனு வரிசையை ஒளித்தது. ஆல்ட் அழுத்தினால் மட்டும் தெரியும். 2008 செப்டம்பரில் குரோம் மெனு வரிசையே இல்லாமல், டேப்களைத் தலைப்பு இருந்த இடத்துக்கே ஏற்றிக்கொண்டு வந்தது. 2011 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 4 அதே வழியில் போனது. இந்த மூன்று பேரும் வாசகனுக்கு நல்லது செய்தார்கள் என்பதே என் கருத்து.

ஆனால் 2021 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 89 திரும்பவும் டேப்களைத் தடிப்பாக்கியது. அதுவரை எல்லோர் கண்ணிலும் பட்ட ‘காம்பாக்ட்’ தேர்வையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். முழுதாக நீக்கவில்லை, உள்ளே இருக்கிறது. முகவரியில் அபவுட்:கான்ஃபிக் (ஃபயர்ஃபாக்ஸின் உள் அமைப்புகளை மாற்றும் பக்கம்) போட்டு, ‘காம்பாக்ட்மோட்’ என்று தேடினால் ‘ஷோ’ என்று முடிகிற ஒரு வரி வரும். அதை ட்ரூ ஆக்குங்கள். பிறகு டூல்பாரில் ரைட் கிளிக், கஸ்டமைஸ், அடியில் டென்சிட்டி. அங்கே காம்பாக்ட் இருக்கும், ஆதரவில்லை என்ற குறிப்போடு. தைரியமாகப் போடலாம். 15 பிக்சல் அளவுக்குக் கிடைக்கும், ஒரு வரித் தமிழுக்குக் கொஞ்சம் குறைவு.

---

வடமராட்சி எழுதியது:

நான் பாவிப்பது ஃபயர்ஃபாக்ஸ். அக்காவின் திரைக்கு என்னுடைய யோசனை, டேப்களை மேலிருந்து எடுத்து இடப்பக்கம் செங்குத்தாகப் போடுங்கோ. 2025 மார்ச்சில் வந்த 136-ஆம் பதிப்பிலிருந்து இது உள்ளேயே இருக்கிறது, எந்த நீட்சியும் வேண்டாம். செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் பிரவுசர் லேஅவுட் என்ற இடத்தில் தெரிவு செய்யலாம். பக்கப்பட்டையைச் சுருக்கிவிட்டால் சின்னச் சின்னப் படங்கள் மட்டும் ஒரு மெல்லிய நிரலாக நிற்கும்.

மேலே முகவரி வரிசை ஒன்றுதான் மிஞ்சும். மூடும் பொத்தான், சுருக்கும் பொத்தான் எல்லாம் அந்த வரிசைக்கே இறங்கிவிடும். உங்களிடம் அகலம் மிச்சமாக இருக்கிறது, உயரம் தட்டுப்பாடு. இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்குகிற மாற்று இது. எதையும் ஒளிக்கவும் இல்லை, எல்லாம் கண்முன்னே இருக்கும்.

எட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு 2021-இலேயே இந்த வசதி வந்துவிட்டது. அதில் செங்குத்து டேப் போட்ட பிறகு, தலைப்பு வரிசையை மறை என்று தனியாக இன்னொரு தெரிவும் தோற்றப் பகுதியில் இருக்கிறது. அதையும் போட்டால்தான் உயரம் உண்மையில் கூடும். பலர் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு மேலே வெற்றுப் பட்டை நிற்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். விவால்டி பிரவுசரில் டேப் வரிசையை நான்கு பக்கத்திலும் வைக்கலாம், முகவரி வரிசையை அடிக்கும் கொண்டுபோகலாம். கண்ட்ரோல்+எஃப்10 அழுத்தினால் எல்லாம் ஒரேயடியாக மறையும்.

---

ஆழ்கடல் எழுதியது:

செங்குத்து டேப்போடு ஏன் நிற்க வேண்டும்? முகவரி வரிசையையும் மறைத்துவிடலாம். நான் ஃபயர்ஃபாக்ஸின் தோற்றத்தை மாற்றும் யூசர்குரோம் சிஎஸ்எஸ் கோப்பு எழுதி, முகவரி வரிசையின் உயரத்தைப் பூஜ்யமாக்கி வைத்திருக்கிறேன். கண்ட்ரோல்+எல் அழுத்தினால் அல்லது மவுஸை மேல் விளிம்புக்குக் கொண்டுபோனால் இறங்கி வரும், வேலை முடிந்ததும் ஏறிக்கொள்ளும். திரை முழுக்க உரை மட்டும். படிக்கிறபோது அட்ரஸ் பாரை யார் பார்க்கிறார்கள்? பிரவுசரின் வேலை பக்கத்தைக் காட்டுவது. தன்னைக் காட்டிக்கொள்வது இல்லை.

செய்ய விரும்புகிறவர்களுக்கு: அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் ‘குரோம்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் அந்தக் கோப்பை வைக்க வேண்டும். 2019-இல் வந்த 69-ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் அந்தக் கோப்பைத் தானாகப் படிப்பதில்லை. அபவுட்:கான்ஃபிக்கில் ‘லெகசியூசர்’ என்று தேடினால் ‘ஸ்டைல்ஷீட்ஸ்’ என்று முடியும் வரி வரும், அதை ட்ரூ ஆக்கிய பிறகே வேலை செய்யும். பிரவுசர் புதுப்பிக்கும்போது உள் அமைப்பில் பெயர் மாறினால் நாம் எழுதியது உடையும், திரும்பத் திருத்த வேண்டும். அந்தச் சின்ன உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கிற வெளி எனக்குப் பெரிது.

---

சர்வீஸ்கடை எழுதியது:

ஆழ்கடல் அண்ணே, உங்களுக்கு இது சரியாக இருக்கும். ஆனால் பொதுவில் எல்லோருக்கும் சொல்லும்போது ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், அந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

திரையில் தெரிவதில் பக்கத்தைச் செய்தவன் தொட முடியாத இடம் அட்ரஸ் பார். மற்ற எல்லாவற்றையும் அவனால் வரைய முடியும். பேங்க் சின்னம், பூட்டுப் படம், பாஸ்வேர்டு பெட்டி, எதை வேண்டுமானாலும். ‘நீ எங்கே நிற்கிறாய்’ என்று நமக்கு உண்மை சொல்கிற இடம் அது மட்டும்தான். அதை மறைத்தால் அந்த இடமும் பக்கத்தைச் செய்தவன் கைக்குப் போகிறது.

முன்பெல்லாம் ஒரு தளம் பாப்-அப் ஜன்னல் திறக்கும்போது முகவரியே இல்லாமல் திறக்க முடியும். திருடர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அதனால்தான் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7-உம், 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3-உம் எந்த ஜன்னலாக இருந்தாலும் முகவரி தெரிந்தே ஆக வேண்டும் என்று வைத்தன. போனிலும் அதே கதை. ஆண்ட்ராய்டு குரோமில் பக்கத்தைக் கீழே தள்ளினால் அட்ரஸ் பார் மேலே ஒளிந்துகொள்ளும் அல்லவா? 2019-இல் ஒரு மென்பொருளாளர், அது ஒளிந்த நொடியில் அதே இடத்தில் பொய்யான அட்ரஸ் பாரைப் பக்கமே வரைந்து காட்ட முடியும் என்று செய்து காண்பித்தார். பார்க்க அசல் மாதிரியே இருந்தது.

என் கடைக்கு வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். போலீஸ் சின்னத்தோடு, கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, அபராதம் கட்டு என்று ஒரு பக்கம் முழுத்திரையில் வந்து நின்றதாகப் பதறிக்கொண்டு கொண்டுவருவார்கள். அதன் மொத்த பலமும் டூல்பார் தெரியாததுதான். முழுத்திரைக்குப் போகும்போது, எஸ்கேப் அழுத்தினால் வெளியே வரலாம் என்று பிரவுசர் ஒரு வரி காட்டும். பயத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. எஸ்கேப் விசையை இரண்டு மூன்று நொடி விடாமல் அழுத்திப் பிடித்தால் வந்துவிடும். வரவில்லையா, ஆல்ட்+எஃப்4. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். இதை இங்கே சொல்லக் காரணம், முகவரி தெரியாத திரைக்குப் பழகிய கண்ணுக்கு அந்தப் பொய்ப் பக்கம் வித்தியாசமாகவே படாது.

புக்மார்க்கை மறையுங்கள், டேப்பை ஓரத்துக்குத் தள்ளுங்கள், டாஸ்க்பாரை ஒளியுங்கள். அட்ரஸ் பாரை விட்டுவிடுங்கள். 40 பிக்சல்தான் அது.

---

ஆழ்கடல் எழுதியது:

நீங்கள் சொல்கிற ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பேங்க் வேலைக்கும் வாசிப்புக்கும் ஒரே பிரவுசர் அமைப்பு எதற்கு? ஃபயர்ஃபாக்ஸில் அபவுட்:புரொஃபைல்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு புரொஃபைல் உருவாக்கலாம். அதில் விக்கிமூலம் ஒன்றுக்கு மட்டும் உள்நுழைந்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு பாஸ்வேர்டு எதையும் அதில் சேமிக்க வேண்டாம். அந்த புரொஃபைலில் டூல்பாரை எவ்வளவு வேண்டுமானாலும் மறைக்கலாம். பணம் சம்பந்தப்பட்டது, மெயில் எல்லாம் வழக்கமான புரொஃபைலில், முகவரி தெரியும்படி. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

குரோமில் இதற்கு இன்னும் எளிய வழி. ஒரு தளத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் அதைத் தனி ஆப் மாதிரி நிறுவும் தேர்வைப் போட்டால், அடுத்த முறை முகவரியோ டேப்போ இல்லாமல் மெல்லிய தலைப்பு ஒன்றோடு தனி ஜன்னலில் திறக்கும். அதிலிருந்து வேறு தளத்துக்கு இணைப்பில் போனால் குரோமே மேலே ஒரு பட்டையில் அந்த முகவரியைக் காட்டிவிடும். நீங்கள் கேட்கிற பாதுகாப்பு அதில் உள்ளேயே இருக்கிறது.

---

சர்வீஸ்கடை எழுதியது:

தனி புரொஃபைல் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு தளத்துக்கு மட்டும் என்று எல்லை இருக்கிறது, பேங்க் பக்கம் அங்கே திறக்கவே போவதில்லை. வீட்டில் எல்லோரும் கை வைக்கிற பொதுக் கம்ப்யூட்டரில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

---

தாழிசை எழுதியது:

இத்தனை மெனக்கெடுவதற்கு ஃபுல் எச்டி திரையோடு புது மடிக்கணினி வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? 1080 உயரம் வருமே.

---

பழையமடிக்கணினி எழுதியது:

வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 14 அங்குலத்தில் ஃபுல் எச்டி திரை வைத்த மடிக்கணினியில் விண்டோஸ் பெரும்பாலும் 150 சதவீத ஸ்கேலிங்கைப் (எழுத்தையும் பொத்தான்களையும் பெரிதாக்கிக் காட்டுவதை) பரிந்துரைத்துத்தான் வருகிறது. 1080-ஐ 1.5-ஆல் வகுத்தால் 720. அதாவது எழுத்தும் டூல்பாரும் 1280×720 திரையில் இருப்பது போல இடம் பிடிக்கும். பழைய 768-ஐ விடக் குறைவு. எழுத்து வழவழப்பாக, கூர்மையாக இருக்கும், அது நிஜமான லாபம். ஒரு திரைக்கு எத்தனை வரி என்பதில் லாபம் இல்லை. ஸ்கேலிங்கை 125-க்கு இறக்கினால் 864 கிடைக்கும்.

வாங்குவதாக இருந்தால் 16:10 திரை பாருங்கள். 1920×1200-இல் 125 சதவீதம் வைத்தால் 960 உயரம். மெய்ப்பு பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

---

மெய்ப்புமேசை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஸ்கேலிங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தைச் சிறியதாக்கிக்கொண்டு நிறைய வரி பார்ப்பது எங்கள் வேலைக்கு ஆகாது.

ஓசிஆர் தமிழில் செய்கிற பிழைகள் மிகச் சிறிய இடங்களில் ஒளிந்திருக்கும். துணைக்கால் ‘ர’ ஆகியிருக்கும், ‘ர’ துணைக்கால் ஆகியிருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி விழுந்து ‘க்’ என்பது ‘க’ ஆகும். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்பது அச்சு மங்கிய பக்கத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல் என்றால் ணா, றா, னா, லை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். அவற்றில் ஓசிஆர் தடுமாறும். படத்தைப் பெரிதாக்காமல் இவற்றைப் பிடிக்க முடியாது. பெரிதாக்கினால் திரையில் நான்கைந்து வரிகளே நிற்கும். அதனால்தான் உயரத்துக்கு இவ்வளவு அலைகிறேன். தமிழில் மேலே சுழி, கீழே வளைவு என்று எழுத்து இரண்டு பக்கமும் நீள்வதால் வரிகளுக்கிடையே இடைவெளியையும் நெருக்க முடியவில்லை.

டூல்பார் மட்டும் சிறியதாகி, உரை பெரியதாகவே இருக்க ஏதாவது வழி உண்டா?

---

ஆழ்கடல் எழுதியது:

உண்டு. கண்ட்ரோல்+பிளஸ் அழுத்தினால் பக்கம் மட்டும்தான் பெரிதாகும், டூல்பார் மாறாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை நமக்குச் சாதகமாக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் அபவுட்:கான்ஃபிக்கில் ‘டெவ்பிக்சல்ஸ்’ என்று தேடுங்கள். மதிப்பு -1.0 என்று இருக்கும், விண்டோஸ் சொல்வதைக் கேள் என்று பொருள். அதை 0.85 ஆக்கினால் டூல்பார், மெனு, பக்கம் எல்லாமே சேர்ந்து சுருங்கும். பிறகு செட்டிங்ஸில் டிஃபால்ட் ஜூமை 120 சதவீதம் வையுங்கள். பக்கம் பழைய அளவுக்கு வந்துவிடும், டூல்பார் சிறியதாகவே நிற்கும்.

0.5 மாதிரி மிகச் சிறிய எண் போட வேண்டாம், திரும்ப மாற்றப் போனால் எழுத்தே தெரியாது.

---

வடமராட்சி எழுதியது:

பிரவுசரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விக்கிமூலத் தொகுப்புப் பக்கமே அதைவிடக் கூடுதல் இடத்தைத் தின்கிறது. நானும் அங்கே கொஞ்சம் பங்களிப்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விருப்பத்தேர்வுகளில் தொகுத்தல் பகுதிக்குப் போங்கோ. பக்கத்தின் மேலடி, கீழடிப் பெட்டிகளைத் தொகுக்கும்போது காட்டவா வேண்டாமா என்று அங்கே ஒரு தெரிவு இருக்கும். அதை எடுத்துவிட்டால் இரண்டு பெட்டி குறையும். தேவைப்படும் பக்கத்தில் மட்டும் கருவிப்பட்டையில் உள்ள பொத்தானால் வரவழைக்கலாம். அதே பகுதியில், படத்தை மேலேயும் உரையைக் கீழேயும் வைக்கும் கிடை அமைப்பும் இருக்கிறது. உங்கள் அகலத்திரைக்கு அது பொருந்தாது, பக்கவாட்டு அமைப்பிலேயே இருங்கோ. ஆனால் ஒரு வரியை முழு அகலத்தில் பெரிதாகப் பார்க்க வேண்டிய மங்கல் பக்கங்களுக்குச் சிறிது நேரம் மாற்றிக்கொள்ள நல்லது.

அடுத்தது தோற்றம். புதிய வெக்டர் 2022 தோலில் (விக்கித் தளத்தின் பக்க வடிவமைப்பில்) உரையின் அகலத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள், முழு அகலத்துக்கு மாற்றலாம். பழைய தோல்களுக்கும் போகலாம். ஒவ்வொன்றிலும் தலைப்புப் பகுதி பிடிக்கிற உயரம் வேறு வேறு, எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று போட்டுப் பாருங்கோ.

கீபோர்டுக் குறி தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். விண்டோஸ் கீபோர்டை நம்பாமல், விக்கி தளத்தில் உள்ள உள்ளீட்டுக் கருவியையே பாவியுங்கோ. எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன விசைப்பலகைப் படம் வரும், தமிழ்99 அதிலேயே இருக்கிறது. கண்ட்ரோல்+எம் அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் ஆங்கிலம். எது ஓடுகிறது என்று அந்தப் படத்தின் அருகிலேயே தெரிவதால் முழுத்திரையிலும் குழப்பம் இல்லை. விண்டோஸ் கீபோர்டுதான் வேண்டும் என்றால் விண்டோஸ்+ஸ்பேஸ் அழுத்துங்கோ. முழுத்திரையின் மேலேயே ஒரு சிறு பட்டியல் வந்து காட்டிவிட்டுப் போகும்.

---

கீற்றுநிழல் எழுதியது:

செலவு செய்ய மனமிருந்தால் ஒன்று. அலுவலகங்களில் முன்பு வைத்திருந்த 19 அங்குலச் சதுர மானிட்டர்கள் பழைய சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் போனால் பார்க்கலாம். அவற்றின் அளவு 1280×1024. யாரும் விரும்பாத வடிவம் என்பதால் விலை குறைவு. ஆனால் 1024 உயரம், அதுவும் ஸ்கேலிங் இல்லாமல் வாசிக்கக்கூடிய எழுத்தளவில். மடிக்கணினியில் விஜிஏ துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ-யிலிருந்து மாற்றும் அடாப்டர் வாங்க வேண்டும்.

சுழலும் தாங்கி உள்ள மானிட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. நிமிர்த்தி வைத்தால் 1024 அகலம், 1280 உயரம். அப்போது வடமராட்சி சொன்ன கிடை அமைப்பு கச்சிதமாகப் பொருந்தும்: மேலே புத்தகப் பக்கம், கீழே உரை.

---

தாழிசை எழுதியது:

மேலே குரோமுக்கு எஃப்11 பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அதில் ஏதாவது குறை உண்டா? நான் குரோம்தான்.

---

ஆழ்கடல் எழுதியது:

விண்டோஸ் குரோமில் எஃப்11 போட்டால் டேப், முகவரி எல்லாம் முழுதாகப் போய்விடும். மவுஸை மேலே கொண்டுபோனாலும் வெளியேறும் பெருக்கல் குறி மட்டும் வரும். கண்ட்ரோல்+டேப் அழுத்தி அடுத்த டேபுக்குப் போகலாம், எதில் இருக்கிறோம் என்று பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மேக்கில் அப்படி இல்லை. முழுத்திரையிலும் டூல்பாரை எப்போதும் காட்டு என்று வியூ மெனுவில் வைத்துக்கொள்ளலாம். ஃபயர்ஃபாக்ஸில் மவுஸ் மேலே போனதும் டூல்பார் இறங்கி வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே முழுத்திரையில் நீண்ட நேரம் வேலை செய்கிறவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸைப் பரிந்துரைப்பேன்.

---

மெய்ப்புமேசை எழுதியது:

விக்கிமூலத்துக்கென்று ஃபயர்ஃபாக்ஸில் தனி புரொஃபைல் போட்டுவிட்டேன். செங்குத்து டேப், காம்பாக்ட், புக்மார்க் வரிசை இல்லை, மேலடி கீழடிப் பெட்டி இல்லை. கண்ட்ரோல்+எம் பெரிய நிம்மதி, கீபோர்டுக் குறியைத் தேட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. டெவ்பிக்சல்ஸ் 0.85 வைத்தேன், டூல்பார் எழுத்து சிறிதாக இருந்தாலும் படிக்க முடிகிறது. அட்ரஸ் பாரை மறைக்கவில்லை. சர்வீஸ்கடை சொன்ன காரணம் மட்டும் இல்லை; விக்கிமூலத்தில் முகவரியின் கடைசியில் ஸ்கேன் பக்க எண் இருக்கும், அதை மாற்றித் தட்டி அடுத்தடுத்த பக்கத்துக்குத் தாவுவது என் வழக்கம்.

ஒரு சிக்கல் மிச்சம். எஃப்11-இல் இருக்கும்போது விக்கியின் தொகுப்புக் கருவிகளைத் தொடப் போனால் மவுஸ் சற்று மேலே போய்விடுகிறது, உடனே ஃபயர்ஃபாக்ஸ் டூல்பார் இறங்கி அந்தப் பொத்தான்களை மூடிவிடுகிறது. டாஸ்க்பார் இடத்தை விடவும் மனமில்லை.

---

வடமராட்சி எழுதியது:

அக்கா, எஃப்11 போட்ட பிறகு அந்த டூல்பார் இறங்கி வரும்போது அதன் மேல் ரைட் கிளிக் செய்யுங்கோ. டூல்பார்களை மறை என்ற வரியில் டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கோ. பிறகு முழுத்திரையிலும் டூல்பார் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும், பக்கம் அதற்குக் கீழேயிருந்து தொடங்கும். டாஸ்க்பாரின் 40 பிக்சல் உங்களுக்கு, அட்ரஸ் பாரும் கண்முன்னே.

அபவுட்:கான்ஃபிக்கில் ‘ஃபுல்ஸ்கிரீன் ஆட்டோஹைடு’ என்பதும் இதே தெரிவுதான், அங்கே ஃபால்ஸ் ஆக்கினாலும் சரி.

---

மெய்ப்புமேசை எழுதியது:

டிக் எடுத்தேன், நின்றுவிட்டது. இப்போது மேலே ஒரே ஒரு வரிசை, அதற்குக் கீழே முழுக்க உரையும் படமும்தான். ஸ்கேன் பக்கத்தின் ஒரு முழுப் பத்தி நகர்த்தாமல் தெரிகிறது. இதே அமைப்பை விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்க்கும் மற்ற தோழிகளுக்கும் செய்து கொடுக்கப் போகிறேன். அவர்களில் இருவரிடம் லினக்ஸ் இருக்கிறது. ஆழ்கடல் அண்ணா, அங்கே ஏதாவது மாறுமா?

---

ஆழ்கடல் எழுதியது:

ஃபயர்ஃபாக்ஸுக்குள் எல்லாம் இதேதான். சில லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸின் தலைக்கு மேல் தனியாக ஒரு தலைப்பு வரிசை நிற்கும். கஸ்டமைஸ் பக்கத்தின் அடியில் டைட்டில் பார் என்ற டிக் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கேடிஇ என்ற டெஸ்க்டாப் வைத்திருந்தால் ஆல்ட்+எஃப்3 அழுத்தி வரும் மெனுவிலேயே அந்த ஜன்னலுக்குச் சட்டமே வேண்டாம் என்று சொல்லலாம். மற்றபடி புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்துக் கொடுக்க வேண்டாம். உங்கள் உள்நுழைவும் அதோடு போய்விடும். ஒவ்வொரு கணினியிலும் புதிதாக ஒரு புரொஃபைல் உருவாக்கி, தேர்வுகளை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.